வாயில்லாத பெட்டி

என் கணவர் கோபக்காரர். நான் அவரைவிட ஒரு பிடி கூடுதல். தெரிந்தேதான் எங்களைச் சேர்த்து வைத்தார்கள். இரண்டு வீடு கெடுவதற்கு ஒரு வீடு கெட்டால் போதும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஜார்ஜ் டவுனில் ஒரு வீடியோ கேம் கடையைப் பல வருடம் நடத்தினோம் என்றால், அங்கே என்னென்ன உடைந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கடை ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடியில், மின்படிக்கட்டை ஒட்டி இருந்தது. அதற்கு முன்பு நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆபரேட்டர். சூப்பர்வைசர் ஒருவன் என் முதுகில் கை வைத்தான். கையிலிருந்த டிரேயால் அவன் மூக்கில் ஒன்று வைத்தேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, ரத்தம் வந்ததா என்பதுதான். வந்தது என்றேன். சரி, நாளையிலிருந்து கடைக்கு வா என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அலமாரியில் அடுக்கியிருக்கும் கேம் பெட்டிகளுக்குள் ஒன்றும் இருக்காது. புதுச் சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, சீடியை எடுத்து உறையில் போட்டு, கவுண்டருக்குப் பின்னால் வைத்துவிடுவோம். வெறும் பெட்டி மட்டும் அலமாரிக்குப் போகும். திருடர்களுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. அப்படியும் திருடுவார்கள். ஒரு தடவை ஒருவன் நான்கு பெட்டிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். நான்கும் காலி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மனது கேட்கவில்லை. விலைச்சீட்டு ஒட்டும் மெஷினைத் தூக்கி எறிந்தேன், சரியாகக் காதில் பட்டது. காலிப் பெட்டியைத் திருடி அடி வாங்கிய அவனை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பெரிய கேம் வெளியாகும் நாட்களில் கடை வாசலில் கூட்டம் நெருக்கும். கடைசி ஒரு சீடிக்காக இரண்டு அப்பாக்கள், இருவரும் ஆபீஸ் சட்டை போட்டவர்கள், என் கண் முன்னால் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரின் புறங்கையைக் கடித்தார். என் கணவர் இரண்டு பேரையும் காலரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, சீடியை மூன்றாவது ஆளுக்கு விற்றார். அந்தச் சண்டைகள் எனக்குப் பிடிக்கும், வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு பொருளுக்காக மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அதை விற்கிறவன் வீட்டில் அடுப்பு எரியும்.

பிறகு டவுன்லோட் வந்தது. வந்தவர் போனவர் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். எல்லாரும் ஆன்லைன்ல வாங்குறாங்களாமே அக்கா, கடை நிக்குமா? நிற்கும் என்று நான் சொல்வேன். அப்போது நான் சொன்ன நியாயம் இதுதான்: சீடி என்றால் கையில் இருக்கும், இரவல் கொடுக்கலாம், விளையாடி முடித்ததும் கொண்டுவந்து எங்களிடமே விற்கலாம். டவுன்லோட் செய்ததை யாரிடம் போய் விற்பாய்?

நியாயம் சரிதான். ஆனால் அது எங்கள் பக்கத்து நியாயம் என்பது புரிய நாளாயிற்று. புதுச் சீடியில் எங்களுக்குக் கிடைத்தது சொற்பம். கடை பிழைத்ததே பழைய சீடியில்தான். ஒருவன் முடித்துவிட்டுக் கொண்டுவருவான். வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்ப்போம், மெருகேற்றுவோம், இன்னொருவனுக்கு விற்போம், அவனும் ஒரு நாள் திரும்பக் கொண்டுவருவான். ஒரே சீடி எங்கள் கவுண்டரைப் பலமுறை சுற்றி வரும். டவுன்லோட் வாங்கியவன் திரும்பி வர மாட்டான். அவன் எங்களிடம் வாங்காதது மட்டும் அல்ல, விற்கவும் வர மாட்டான். கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்கள் போய்விட்டார்கள் என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். அடைபட்டது ஊற்று.

என் கணவருக்கு இதெல்லாம் யோசனையாக வராது, கோபமாகத்தான் வரும். கடைக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் ஆன்லைன் விலையையும் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு நாள் ஒருவன், அங்கே பாதி விலைக்குப் போட்டிருக்கிறான், நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். இவர் அதைப் பிடுங்கி மின்படிக்கட்டில் வீசினார். அது படிக்குப் படி துள்ளிக் கீழே போனது. பின்னாலேயே அந்த ஆள் ஓடினான். அதன் பின்னால் எங்கள் பெயரும் போனது. அந்தக் கடைக்காரன் அடிக்கிறான் என்று காம்ப்ளெக்ஸ் முழுக்கப் பேச்சு.

அதற்குப் பிறகுதான் தவுக்கே விவகாரம். எங்களுக்கு மொத்தமாகச் சரக்கு போடுகிற சீனர் அவர். நல்ல மனிதர், தீபாவளிக்குப் பழக்கூடை அனுப்புகிறவர். ஒரு தடவை அவரிடமிருந்து புதுப் பெட்டிகள் வந்தன. வழக்கம்போல என் கணவர் சீடியை எடுத்து உறையில் போட ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் பெட்டியில் சீடி இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. இரண்டாவதிலும் அதே. எல்லாப் பெட்டியையும் பிரித்துப் போட்டுவிட்டு, தவுக்கே ஏமாற்றிவிட்டான் என்று மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். போன வேகத்தில் அந்த மனிதரின் வாயிலேயே குத்தினார். ஒரு பல் போனது.

பெட்டியின் முன்பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது: உள்ளே சீடி கிடையாது, காகிதத்தில் இருக்கும் எண்ணைப் போட்டு டவுன்லோட் செய்துகொள்ள வேண்டும். பெட்டி பார்வைக்கு மட்டும். எங்கள் தொழிலில் பெட்டியின் முகப்பை யார் படிக்கிறார்கள்? பெட்டி என்றால் திற, சீடியை எடு, அவ்வளவுதான். வேறு யாராவது ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்கள், படித்திருப்பார்கள், விட்டிருப்பார்கள். இவர் அத்தனையையும் திறந்து வைத்ததால், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. காலிப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பிழைத்த எங்களுக்கே அவர்கள் காலிப் பெட்டியை விற்றுவிட்டார்கள்.

தவுக்கே போலீசுக்குப் போகவில்லை. இனிமேல் உனக்குச் சரக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டார். அதன் பிறகு கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் பார்சலில் ஒன்றிரண்டு பெட்டி கிடைத்தால் உண்டு.

இவ்வளவும் சொன்னது எங்கள் மகனைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். ஒரே மகன். பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. எங்கள் பாயான் பாரு ஃபிளாட்டிலிருந்து மோட்டரில் போய் வருவான். எங்கள் இருவரின் ரத்தத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கோபம் எங்கிருந்தோ வராமல் போய்விட்டது. சின்ன வயதில் நான் ரொத்தான் பிரம்பை எடுத்தால் ஓட மாட்டான், அப்படியே நிற்பான். அவனுடைய அப்பா அடித்தாலும் அப்படித்தான். அடித்து முடித்த பிறகு ரொத்தானை எடுத்து அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். அதைப் பார்க்கும்போது நம்மை யாரோ அடித்த மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கேம் வந்தாலும் கடைக்கு வருகிற முதல் சீடி மகனுக்கு. வாசலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது கவுண்டருக்கு அடியில் போய்விடும். சண்டை கேம் என்றால் இருவரும் உட்கார்ந்து ஆடுவார்கள். என் கணவர் எப்போதும் குண்டு மல்யுத்தக்காரன் ஒருவனையே எடுப்பார். அவனுக்கு ஒரு பிடி உண்டு. இடது கட்டைவிரலால் மாவரைப்பதுபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், எதிரியைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் அடிப்பான். வீட்டில் அதற்கு மாவாட்டு என்றே பெயர். மகன் என்று விட்டுக்கொடுக்க மாட்டார். அவனைத் தூக்கித் தூக்கி அடித்துவிட்டு, எங்கே எழுந்திரு பார்க்கலாம் என்பார். அவன் சிரிப்பான். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அந்த நேரத்தில் மட்டும்தான்.

அந்தச் சண்டை கேமின் புதிய பாகம் தைப்பூச வாரத்தில் வெளியானது. தேருக்கு நாங்கள் ஒவ்வொரு வருடமும் கடைக்காகத் தேங்காய் நேர்ந்துகொள்வோம். தேர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ரோட்டில் குவித்து, அப்பாவும் மகனுமாக உடைப்பார்கள். கடை ஆட்டம் கண்டிருந்த வருடம் என்பதால் இவர் இரண்டு பங்கு நேர்ந்துகொண்டார். தேருக்கு முதல் நாளே கோணி மூட்டை எங்கள் ஃபிளாட்டின் முன்னறையில் வந்து இறங்கியிருந்தது.

அன்றுதான் பார்சலில் கேம் வந்தது. கையால் எண்ணிவிடலாம், அவ்வளவுதான் வந்தது. ஒன்றை மகனுக்கு ஒதுக்கினார். மற்றவை போன பிறகு, பல வருட வாடிக்கைக்காரர் ஒருவர் கவுண்டருக்கு அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டார். அது விற்பனைக்கு இல்லை என்றார் இவர். பழைய வாடிக்கைக்காரனுக்கே இல்லையா என்று அந்த ஆள் கவுண்டர்மேல் ஏறிக் கை நீட்டினார். பிறகு நடந்ததைப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் ஸ்டூலைத் தூக்கினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஆள் போகும்போது சட்டையில் பொத்தான் இல்லை, என் கணவரின் கீழுதடு கிழிந்திருந்தது. இனி உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சமிருந்த நல்ல வாடிக்கை அவர் ஒருவர்தான்.

என் கணவர் உதட்டில் காகிதத்தை வைத்து அழுத்திக்கொண்டு காடி ஓட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பிளாஸ்டிக் பிரிக்காத பெட்டியை என் மடியில் வைத்து, விழாமல் பிடித்துக்கொள் என்றார்.

வீட்டில் மகன் குளித்துக்கொண்டிருந்தான். இவருக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைப் பிரித்துச் சீடியை எடுத்துக்கொண்டு நேராக அவன் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். டிவிக்குக் கீழே இருந்தது பழைய கேம் மெஷின் அல்ல, புதிது. சம்பளத்தில் வாங்கியிருப்பான் போல என்று சந்தோஷமாகவே சொன்னார். சீடியை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் தடவினார். பக்கவாட்டில் தடவினார். தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மெஷின் விற்ற மனிதர். சீடி போடுகிற வாய் எங்கே என்று கண் தெரியாதவர்போலத் தேடிக்கொண்டிருந்தார்.

மகன் துண்டோடு வந்து வாசலில் நின்றான்.

"இதுல சீடி போட முடியாதுப்பா."

இவர் திரும்பவில்லை. இன்னும் தடவிக்கொண்டே இருந்தார். வாயே இல்லாத மெஷின் விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் கடையில் அதை ஏற்றவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவர். தெரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது. அந்தக் கேம் ஏற்கெனவே தன்னிடம் இருப்பதாகவும், விற்பனை திறந்ததுமே டவுன்லோட் செய்துவிட்டதாகவும் மகன் மெல்லச் சொன்னான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கடைக்கு வர நேரம் கிடைப்பதில்லை, சொல்லத்தான் பயமாக இருந்தது என்றான்.

என் கணவர் மெஷினை ஒயரோடு பிய்த்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். தரையில் போட்டார். கோணியைக் கிழித்து ஒரு தேங்காயை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கி அதன்மேல் அடித்தார். தேங்காய் உடைந்தது, மெஷின் உடையவில்லை. இன்னொன்றை எடுத்தார். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. முருகனுக்கு நேர்ந்ததுங்க என்று நான் கத்தினேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் விரிந்தது, உள்ளே விசிறி நொறுங்கியது, பச்சைப் பலகை இரண்டாகப் பிளந்தது. ஓடு பறந்து அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. அறை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் வாசம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் கதவைத் தட்டிவிட்டு, சத்தம் கேட்டு அப்படியே போய்விட்டாள்.

மெஷின் முடிந்ததும் மகன் பக்கம் திரும்பினார். ஓர் அறை, இன்னோர் அறை. வழக்கம்போல அவன் நின்றான். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது அந்தக் கையை அவன் பிடித்தான். பிடித்தது மட்டும்தான். இவர் இழுத்தார், வரவில்லை. முறுக்கினார், வரவில்லை. மகன் தன்னைவிடப் பலசாலி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும்தான். அவன் முகம் எப்படியோ ஆகியிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவனே கையை விட்டான்.

"அதுல ஒண்ணும் இல்லப்பா," என்றான், தரையைக் காட்டி. "எல்லாம் என் அக்கவுண்ட்ல இருக்கு. வேற மெஷின் வாங்கிப் பேரப் போட்டா அப்படியே திரும்ப வந்துரும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான், குத்திக்காட்டவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அடியை யாரும் என் கணவருக்குக் கொடுத்ததில்லை. வாழ்க்கையில் தன்னைக் கெடுத்த ஒவ்வொன்றையும் கையால் அடித்துப் பார்த்த மனிதர் அவர். இத்தனை தேங்காயையும் வீணாக்கி அடித்து நொறுக்கியதில் எதிரி உள்ளேயே இல்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். உடைகிற ஏதாவது ஒன்று வேண்டும். சோபாவின் மேல் அந்தச் சீடி கிடந்தது. எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார்.

சீடி லேசில் உடையாது. உடைந்தால் கத்தி. இடது கட்டைவிரலின் அடியில் ஆழமாக இறங்கியது. முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது, பிறகு ரத்தம் கொட்டியது.

நான் காடியை ஓட்டினேன். பின் இருக்கையில் மகன், அப்பாவின் கையைத் துண்டால் சுற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். அவரை உள்ளே அழைத்துப் போனதும், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. நண்பன் அறையில் தங்கிக்கொள்வதாக மெசேஜ் வந்தது. மறுநாள் தேர் போன நேரத்தில் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அந்த நேரத்தில் வந்து துணிமணியை எடுத்துப்போயிருக்கிறான். முன்னறையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

நரம்பு அறுந்துவிட்டது, கட்டைவிரல் முழுதாக மடங்காது என்றார் டாக்டர். இடது கைதானே, போனால் போகிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்த விரலை வைத்து அவர் என்ன செய்வார் என்பது எனக்கும் என் மகனுக்கும் மட்டும்தான் தெரியும். அவனிடம் சொல்லாதே என்றார் என் கணவர். பாவம் பார்த்து அவன் வரக்கூடாது என்றார்.

கடையும் கொஞ்ச நாளில் முடிந்தது. விரலால் அல்ல, விற்க வருகிறவர்கள் யாரும் இல்லாததால். மொத்தமாக எடுத்துக்கொள்ள வந்த ஆள் அலமாரியிலிருந்த பெட்டிகளைக் குப்பைபோலக் கைகளால் வாரி மூட்டை கட்டினான். நான் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் யாரையும் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அதே காம்ப்ளெக்ஸின் கீழ்மாடியில் கைப்பேசிக் கவர் விற்கிற கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். வாடிக்கைக்காரர்கள் விலை கேட்டுக் கேட்டு நச்சரித்தாலும் சரி லா பாஸ் என்கிறார்.

நான் மகனைத் தேடிப் போனேன், வாடகை வீட்டின் கேட் வரைக்கும். கன்னத்தில் இரண்டு அறை விட்டு இழுத்து வருவது என்ற முடிவோடுதான் போனேன். அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஆறிவிட்டது என்றேன். வீட்டுக்கு வாடா என்றேன். அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்கி அப்பா கையப் பிடிச்சேன்ல. பிடிக்க நெனைக்கலம்மா, அடிக்கத்தான் கை வந்துச்சு. திரும்ப ஒரு தடவ அப்படி நடந்தா அடிச்சிருவேன். அதான் வரல."

இரண்டு அறை விட வந்தவள் அப்படியே திரும்பினேன். வருகிற வழியில் காடிக்குள் அழுதேன். பிள்ளைக்கு எங்கள் கோபம் வரவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வந்துதான் இருந்தது. அவன் அதை ரொத்தானைப்போல ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

தீபாவளி போனது. அவன் வரவில்லை. அதன் பிறகு ஒரு நாள் மாலை, என் கணவர் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். அதே வாயில்லாத மெஷின். நான் துடைப்பத்தைத் தூக்கினேன். அவர் என் பக்கமே பார்க்காமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, இதில் அக்கவுண்ட் எப்படித் திறப்பது என்று கேட்டார். நானும் அவருமாகத் திட்டிக்கொண்டே திறந்தோம். பெயர் கேட்டது. எங்கள் கடையின் பெயரையே போட்டார். அந்தச் சண்டை கேமை டவுன்லோட் செய்தார். கோடு நிரம்பி முடிகிற வரைக்கும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு மகன் வைத்திருக்கும் பட்டப்பெயரைத் தேடி, நண்பராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு ஒரு தட்டு தட்டினார்.

பதில் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதைப் போட்டுப் பார்ப்பார். மானம் கெட்ட மனிதர் என்று திட்டினேன். ஆமாம் என்றார். ஒரு நாள் போட்டபோது மகனின் பெயர் திரையில் வந்திருந்தது, பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. அவன் இந்த நிமிடம் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். ஒரு வார்த்தை எழுதவில்லை. சண்டைக்கு வா என்று மட்டும் அழைப்பு வந்தது.

முதல் நாள் என்னால் பார்க்க முடியவில்லை. என் மகன் அவன் அப்பாவை அடித்தான். நின்ற இடத்தில் அடித்தான், விழுந்த இடத்தில் மிதித்தான், எழும்போது மறுபடி அடித்தான். குண்டு மல்யுத்தக்காரன் சுவரோரம் போய் ஒடுங்கினான். இவர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். இடது கட்டைவிரல் மரக்கட்டைபோல நின்றது. மாவாட்டு வரவில்லை. தோற்றார். மறு ஆட்டம், தோற்றார். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். நாட்கள் வாரங்களாயின. அவன் ஷிஃப்ட் முடிகிற நேரம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

"தடுக்கவாச்சும் செய்யுங்களேன்," என்றேன் ஒரு நாள்.

"அடிக்கட்டும்," என்றார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இத்தன வருஷம் திருப்பி அடிச்சதே இல்ல அவன். அடிச்சு முடிக்கட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அடி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கைப்பேசி அடித்தது. மகன்.

"அம்மா, அப்பா ஏன் மாவாட்டு போட மாட்டேங்கறாரு? கிட்டக் கிட்ட நின்னு குடுக்கிறேன். விட்டுக்கொடுக்கிறாரா?"

சொல்லாதே என்று அவர் சொன்னது நினைவு வந்தது. போனால் போகிறது என்றிருந்தது.

"உங்கப்பா என்னிக்கிடா விட்டுக்கொடுத்தாரு? கட்டைவெரலு மடங்காதுடா. நரம்பு அறுந்துருச்சு. அன்னிக்கே."

நான் வெங்காயக் கையோடு முன்னறை வாசலுக்கு வந்தேன். திரையில் மகனின் ஆள் கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றிருந்தான். என் கணவருக்கு ஒன்றும் தெரியாது. கிடைத்த பொத்தானை எல்லாம் அமுக்கி அவனை அடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் அடித்தார், முகத்தில் அடித்தார். அவன் தடுக்கவில்லை, நகரவில்லை. சின்ன வயதில் ரொத்தானுக்கு முன்னால் நிற்பதுபோல நின்றான். கடைசியில் மல்லாந்து விழுந்தான். காதோரம் கைப்பேசியில் என் பிள்ளை அழுகிறது கேட்டது.

"ஜெயிச்சுட்டேன்," என்று என் கணவர் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகம். "பாத்தியா, ஜெயிச்சுட்டேன்."

கைப்பேசியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு மகனின் குரல்.

"சாப்பிட என்னம்மா இருக்கு?"

"வந்து பாரு," என்று அதட்டிவிட்டு வைத்தேன். வெங்காயத்தைப் போட்டுவிட்டு, இன்னும் ஒரு டம்ளர் அரிசி எடுக்கப் போனேன்.